யோக ஒருமையும் கலகாரி மக்களின் நோய்தீர் கூத்தும்

மனம் ஒன்றின்கண் நிற்றல் அரிது. நிற்குமாயின் அதனால் எய்தும் பயன் பெரிது. இவ்விரண்டும் பல நாட்டுச் சான்றோர்க்கும் ஒப்ப முடிந்த உண்மைகளாம். ஆயின், நின்ற மனம் எதன்கண் நின்றது, யார் பொருட்டு நின்றது, நின்றபின் யாதாயிற்று என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பாது, நின்றது என்னும் அவ்வளவே கொண்டு ‘எல்லாம் ஒன்றே’ என முடிபு கூறும் வழக்கம் இக்காலத்து மிகுந்து வருகின்றது. பதஞ்சலி முனிவர் வகுத்த தாரணையும், திருமூல நாயனார் அருளிய அட்டாங்க யோகமும், ஆப்பிரிக்கப் பழங்குடியினர் நோய் தீர்த்தற்பொருட்டு ஆடும் இராக்கூத்தும் ஒரு தன்மையவே என்பது அத்தகைய முடிபுகளுள் ஒன்று. அதனை ஆராய்ந்து, கொள்ளற்பாலதனைக் கொண்டு தள்ளற்பாலதனைத் தள்ளுதல் சைவ நன்மக்களுக்குப் பயன்படுவதொன்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு முதற்கண் ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். ஆப்பிரிக்கா ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளும் எண்ணிறந்த மொழிகளும் உடைய பெருங்கண்டம். ‘ஆப்பிரிக்கர் சடங்கு’ எனப் பொதுப்படக் கூறுதல், ‘ஆசியர் வழிபாடு’ எனக் கூறுதல்போலப் பொருளற்றதாம். ஆகலின் ஈண்டு இரண்டு சான்றுகளே எடுத்துக்கொள்ளப்படும். ஒன்று, போட்சுவானா, நமீபியா என்னும் நாடுகளின் எல்லைப்புறத்துக் கலகாரி வறுநிலத்தில் வாழும் ஜுஹோன்சி மக்களின் கூத்து. இவர் பழைய நூல்களிற் குங் எனப் பெயர் பெற்றோர். மற்றொன்று, சாம்பியா நாட்டின் வடமேற்கில் வாழும் நிடெம்பு மக்களின் இகாம்பா என்னும் சடங்கு. முன்னையது மனவொருமையின் இயல்பினை விளக்கும். பின்னையது அவ்வொருமைக்கு முன் வேண்டப்படும் ஒழுக்கத்தினை விளக்கும்.

கூத்தின் இயல்பு

ஜுஹோன்சியரின் கூத்தினைப் பற்றி எழுந்த நூல்களுட் சிறந்தன சில. லார்னா மார்ஷல் அம்மையார் 1951-ஆம் ஆண்டு முதலாக அம்மக்களிடைப் பன்முறை தங்கி, தாம் கண்டவற்றை 1969-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ரிச்சர்டு காட்ஸ் என்னும் உளநூற் புலவர் 1968-இல் போட்சுவானாவின் வடமேற்குப் பகுதியில் தங்கி, கூத்தாடும் மருத்துவரோடு உரையாடித் தெளிந்தவற்றை 1982-இல், ‘கொதிக்கும் ஆற்றல்’ எனப் பொருள்படும் பெயரால் நூலாக்கினார். பிறர் மேற்கோள் காட்டும் செய்திகளுட் பல இந்நூலினின்றும் எடுக்கப்பட்டனவாகலின், அது கூறுவதனைச் சிறிது விரித்துரைத்தல் இன்றியமையாதது.

இரவு வந்ததும் நெருப்பு மூட்டப்படுகின்றது. மகளிர் அதனைச் சூழ்ந்து தோளொடு தோள் நெருங்க அமர்ந்து, கைகொட்டிப் பாடுகின்றனர். பாட்டில் இசையே மிகுதி. சொற்கள் மிகச் சில. ஒட்டைச்சிவிங்கி, ஏலண்டு மான், மழை முதலியவற்றின் பெயர்களே அப்பாட்டுக்களுக்கும் பெயராம். ஆடவர் அம்மகளிர் வட்டத்தைச் சுற்றிக் குறுகிய அடிகளால் நிலத்தை மிதித்து ஆடுகின்றனர். ஒருவகைப் பூச்சியின் உலர்ந்த கூடுகளைக் கோத்த சதங்கை அவர் கால்களில் ஒலிக்கின்றது. கைத்தாளமும் காற்றாளமும் இசையும் இடையறாது தொடரக் கூத்து விடியுமளவும் நடைபெறுதல் உண்டு.

இக்கூத்தினால் எழுப்பப்படுவது நூம் என்னும் ஆற்றல். இச்சொல்லிடை நிற்கும் நாவொலியைக் குறித்தற்குத் தமிழில் எழுத்தில்லை. நூம் பெருந்தெய்வத்தால் மூதாதையர்க்கு அளிக்கப்பட்டது என்பதும், அடிவயிற்றினும் முதுகந்தண்டின் அடியினும் உறைவது என்பதும் அம்மக்கள் கொள்கை. ஆடுவோன் உடல் வெம்மையுறுந்தோறும் நூம் வெம்மையுற்றுக் கொதிக்கும். கொதித்து ஆவியாய் முதுகந்தண்டின் வழியே மேலேறும். தலையை எய்தும்பொழுது கியா என்னும் நிலை தோன்றும். அந்நிலைக்கு முன்னர் ஆடுவோன் பார்வை ஓரிடத்தே நிலைக்கின்றது; உடல் இறுகுகின்றது; மூச்சுக் குறுகுகின்றது; வியர்வை பெருகுகின்றது. சூழ நின்றோர் பேசியும் நகைத்தும் இருப்பினும் அவன் மனம் தன் செயலின்கண் ஒடுங்கி நிற்கின்றது.

கியா இன்பநிலை அன்று என்பது ஈண்டு உற்றுநோக்கற்பாலது. அஃது அடிவயிற்றிற் பெருநோவோடு வருவது. தன்னை இழக்கும் அச்சத்தோடு கூடியது. அதனை அம்மருத்துவர் இறப்பென்றே கூறுகின்றனர். புதியோன் அச்சத்தால் இருட்டினுள் ஓடுவான். நெருப்பின்கண் வீழ முற்படுவான். ஆகலின் முதிர்ந்தோர் அவனைப் பிடித்தும், தேய்த்தும், தம் வியர்வையைப் பூசியும், உடனின்று காக்கின்றனர். கொதித்தல் மிகின் தணிப்பதும், குறையின் மிகுப்பதும் மகளிர் பாட்டின் கடனாம். பல ஆண்டு பழகி, அச்சத்தினை ஏற்று, கியாவினுள் நின்றே தன் அறிவும் செயலும் கெடாது ஒழுக வல்லானாயபின்னரே ஒருவன் மருத்துவனாகின்றான்.

அங்ஙனம் வல்லனாயினோன் செய்வது யாது? சூழ்ந்திருப்போர் ஒவ்வொருவரிடமும் சென்று, அவர்மேல் தன் நடுங்கும் கைகளை வைத்து, நோயினைத் தன்னுள் ஈர்த்து, பெருங்கூச்சலோடு புறத்தே எறிகின்றான். நோயாளர்க்கு மட்டுமன்று, நோயிலர் என இருப்பார்க்கும், குழந்தைகட்கும், வந்த விருந்தினர்க்கும் இது செய்யப்படும். இறந்தோர் ஆவிகள் தம் உறவினர்மேற் கொண்ட ஏக்கத்தால் அவரைத் தம்மிடத்து அழைத்துக்கொள்ள விரும்புதலே நோய்க்குக் காரணமெனக் கொள்ளப்படுதலின், மருத்துவன் அவ்வாவிகளோடு மன்றாடுகின்றான், வழக்காடுகின்றான், வைதும் விரட்டுகின்றான். இதற்குக் கூலி இல்லை. ஆடவருட் பாதிக்கு மேற்பட்டோரும் மகளிருட் பத்தில் ஒரு பங்கினரும் இவ்வாற்றல் பெறுகின்றனர் எனக் காட்ஸ் கணக்கிட்டார். ஒருவனது நூம் கொதிப்பின் மற்றவனதும் கொதிக்கும். கொடுத்தலாற் குறையாது, மிகும் என்பது அவர் துணிபு.

ஒப்புமை கூறுவாரும் அவர் நூல்களும்

முதுகந்தண்டின் அடியில் உறங்குவதும், வெம்மையாய் எழுவதும், தண்டின்வழி ஏறித் தலையைச் சேர்வதும் குண்டலினிக்கும் கூறப்படுதலின், நூமைக் குண்டலினியோடும் கியாவைச் சமாதியோடும் ஒப்பிடுதல் மேனாட்டு எழுத்துக்களிற் பரவிய வழக்காயிற்று. இவ்வொப்புமை முற்றிலும் வெறுஞ்சொல் அன்று. மூவிடத்து அது பொருந்தும். ஆற்றல் உடம்பினுள்ளே முன்னரே உளதாய், பயிற்சியால் எழுப்பப்படுவது என்பது ஒன்று. எழுப்புதல் இடருடையதாகலின் ஆசிரியன் துணை இன்றியமையாதது என்பது ஒன்று. மனம் சிதறுங்கால் அவ்வாற்றல் பயன்படாது. ஒருங்குங்காலே பயன்படும் என்பது மற்றொன்று. இம்மூன்றினையும் மறுப்பார் கலகாரி மக்களின் அறிவினை இழித்துரைப்பாராவர்.

இழித்துரைத்தல் சைவர்க்கு எவ்வாற்றானும் ஏலாது. நெஞ்சம் நடுங்கி ஆடும் வேலனது வெறியாட்டினை முருகப்பெருமான் உறையும் இடங்களுள் ஒன்றாகக் கொண்டு பாடிய திருமுருகாற்றுப்படை பதினோராந் திருமுறையுள் வைத்துப் போற்றப்படுகின்றது. அந்நூலைப் பாராயணம் செய்வோர், பிறநாட்டார் ஆட்டத்தினை மட்டும் பேய்க்கூத்தென்று ஒதுக்குதல் நடுவுநிலையன்று.

இனி, ஒப்புமையை மறுத்து வேற்றுமை கூறிய மேனாட்டாரும் உளர். மீர்சா எலியாடே என்பார் 1954-இல் வெளியிட்ட யோகம் பற்றிய நூலில், யோகியின் நிலை தன்னுள்ளே ஒடுங்கி நிற்றலென்றும், ஆவியுலகோடு தொடர்புகொள்ளும் பழங்குடிப் பூசகன் நிலை தன்னைவிட்டுப் புறத்தே செல்லுதலென்றும் பகுத்தார். கில்பேர் ரூழே என்பார் 1980-இல் வெளியிட்ட இசைநூலில், அசைவின்மை, அமைதி, தனிமை என்பவற்றால் எய்தப்படும் நிலை ஒருபாலும், அசைவு, ஒலி, கூட்டம் என்பவற்றால் எய்தப்படும் நிலை மற்றொருபாலுமாக அட்டவணை வகுத்தார். ரோலாந்து பிஷர் என்பார் 1971-இல் வெளியிட்ட கட்டுரையில், நரம்புகளின் கிளர்ச்சி மிகுதலால் ஒரு வழியும் அவை தணிதலால் மற்றொரு வழியும் ஆகத் திசை இரண்டு காட்டி, யோகத்தினைப் பின்னையதன்கண் வைத்தார்.

இவர் கூறிய வேற்றுமைகள் கண்கூடானவை. யோகநூல் தாரணைக்கு முன் பிரத்தியாகாரத்தினை வைத்து, புலன்களைப் புறப்பொருளினின்றும் மீட்டல் வேண்டும் என்கின்றது. கலகாரிக் கூத்தோ செவியினைப் பாட்டாலும், மெய்யினை வெம்மையாலும் தாளத்தாலும் நிறைக்கின்றது. யோகி மூச்சினை நெடிதாக்கி அடக்குகின்றான். கூத்தன் மூச்சுக் குறுகி விரைகின்றது. யோகி ஏகாந்தம் நாடுகின்றான். கூத்தன் கூட்டம் இன்றேல் ஓரடியும் செல்லான். யோகி தன் உள்ளத்தினுள் ஓர் இடத்தைப் பற்றுகின்றான். கூத்தன் பிறன் உடம்பின்கண் உள்ள நோயினைப் பற்றுகின்றான்.

எனினும் இம்மூவர் அளவையும் நிரம்பியன அல்ல. எலியாடே யோகம் அனைத்தினையும் பதஞ்சலியின் கைவல்லியம் ஒன்றாலேயே அளந்தார். ஆன்மா பிரகிருதியினின்று நீங்கித் தானே தானாய்த் தனித்து நிற்றல் அதன் முடிபு. சித்தாந்த சைவமோ ஆன்மா தனித்து நிற்றலை வீடென்று கொள்ளவில்லை; சிவனது திருவடியிற் கலந்து நிற்றலையே வீடென்று கொண்டது. ஆகலின் ‘தன்னுள் நிற்றல்’ என்னும் பெயர் சிவயோகத்திற்கு முற்றும் பொருந்தாது. மேலும், கலகாரி மருத்துவருள் ஆவியுலகு செல்வதாகக் கூறுவோர் ஆற்றல் மிக்க சிலரே; ஏனையோர் பணி நோயாளன் அருகிலிருந்து கைவைத்தலே ஆகலின், ‘புறத்தே செல்லல்’ என்பதும் அவர்க்கு முற்றும் பொருந்தாது.

ரூழேயின் அட்டவணையுள் அடியார் திருக்கூட்டத்திற்கு இடமில்லை. பலர் கூடிப் பதிகம் பாடி, கண்ணீர் மல்கி, உள்ளம் ஒருங்கும் நிலை அசைவும் ஒலியும் கூட்டமும் உடையது. ஆயினும் அது தன்னை மறந்து வீழ்தல் அன்று, இறைவனை நினைந்து உருகுதலாம். தில்லையிற் கூத்தனாகவே இறைவனைக் கண்ட சமயத்தார்க்கு, அசைவு ஒருபால் அமைதி ஒருபால் எனப் பகுத்தல் எங்ஙனம் இயையும்? அட்டவணையின்படி ஆட்டத்தோர் நிகழ்ந்ததனை மறத்தல் வேண்டும். கலகாரி மருத்துவரோ தாம் கண்டனவும் செய்தனவும் காட்ஸுக்கு விரித்துரைத்தனர்.

பிஷர் காட்டியது நரம்பின் நிலையே. நரம்பும் மூளையும் மாயாகாரியமாகிய கருவிகள், சடமாயவை. கருவி கிளர்ந்ததோ தணிந்ததோ என அளத்தல் தச்சனது உளி சூடேறியதோ ஆறியதோ என அளத்தல் போல்வது. அவ்வளவை தன்னளவில் உண்மையே. செதுக்கப்பட்ட உருவம் யாது என்பதனை அது கூறமாட்டாது.

இருதிறத்தாரும் பயனெனக் கொள்ளாத இடம்

ஒன்றென்றாரும் வேறென்றாரும் ஆகிய இருவரிடத்தும் பொதுவாகிய ஒரு பிழை உண்டு. இருவரும் மனநிலையையே எடுத்து நிறுத்தனர். கியாவையும் சமாதியையும் எதிரெதிர் வைத்து, ஒன்றோ இரண்டோ என வழக்காடினர். கியாவினை ஜுஹோன்சியரோ, சமாதியினைச் சைவசித்தாந்திகளோ, முடிந்த பயனெனக் கொண்டதில்லை என்பது அவர்க்குப் புலப்படவில்லை.

ஜுஹோன்சியர்க்குக் கியா வாயில். நோய் தீர்த்தலே பயன். கியா நோவும் அச்சமும் நிறைந்ததாயிருத்தலின், அதனை அதன்பொருட்டே விரும்புவார் அரியர். தம் மக்கள் நோயுறாது வாழ்தற்பொருட்டே அவர் அவ்விறப்பினுட் புகுகின்றனர். கியா எய்தியும் பிறரைத் தொட்டு நோய் தீர்க்கமாட்டாதவன் இன்னும் கற்பவனாகவே கருதப்படுகின்றான். மனவொருமையின் உச்சியை எய்தியவன் ஆண்டே தங்காது, கூட்டத்தினிடைத் திரும்பி வந்து கைந்நீட்டுதலிலேயே அவர்தம் மதிப்பு நிற்கின்றது. காட்ஸ் இதனைத் தெளிவாக எழுதியுள்ளார். தம் நூலின் தலைப்பிலேயே ‘சமுதாய மருத்துவம்’ என்னும் பொருள்படக் குறித்தும் உள்ளார். அவர் நூலினின்றும் முதுகந்தண்டினை மட்டும் எடுத்துக்கொண்டு, கைகளை விட்டுவிட்டோர் பிழையே ஈண்டு கண்டிக்கப்படுவது.

சித்தாந்தத்தினும் அஃது அங்ஙனமே. தாரணை, தியானம், சமாதி என்னும் மூன்றும் முன்னைய ஐந்து உறுப்புக்களையும் நோக்க உட்கருவிகளேனும், வித்தில்லாத சமாதியை நோக்கப் புறக்கருவிகளே எனப் பதஞ்சலியாரே தம் நூலின் மூன்றாம் பாதத்துக் கூறினார். அவற்றால் வரும் சித்திகள் சமாதிக்கு இடையூறாம் என்றும் அவ்விடத்தே எச்சரித்தார். சைவமோ அதற்கும் மேலே சென்று, சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் யோகத்தை மூன்றாம் படியில் நிறுத்தி, அதன் பயன் சாரூபம் எனவும், ஞானத்தின் பயனே சாயுச்சியம் எனவும் வரையறுத்தது. ஒருமையுற்ற மனமும் மனமே. ‘யான் ஒருக்கினேன்’ என்னும் முனைப்பு ஆண்டும் நிற்றல் கூடும். பசுகரணம் சிவகரணமாக மாறுதல் திருவருளானன்றி முயற்சி ஒன்றான் முடியாது.

இன்னும் நுணுகி நோக்கின், மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுள் இறுதியதனைச் சீவன்முத்தனது தனிநிலையைக் கூறுதற்கு அமைத்தாரல்லர். மலங் கழுவி அன்பரோடு கூடுதலையும், அடியார் திருவேடத்தினையும் திருக்கோயிலினையும் சிவனெனவே தொழுதலையும் கூறியே நூலை முடித்தார். அத்துவித நிலையின் உச்சி கூறிய பத்து, பதினொன்றாஞ் சூத்திரங்களின் பின்னர் இஃது ஏன் வந்தது? பேறு பெற்றான் தனித்திரான் என்பது கருத்து. திருக்கூட்டம் வழிநடைக்குரிய ஊன்றுகோல் மட்டும் அன்று. வழி முடிந்தபின்னும் அதுவே உறையுள். இவ்வுண்மையை உணர்ந்தான் ஒருவன், விடியற்காலத்துக் கலகாரியில் நெருப்பைச் சூழ்ந்திருந்த மக்களிடை மீண்டு வரும் மருத்துவனைக் காணின், அவன் தத்துவத்தினை ஏற்றிலனேனும், அவன் திரும்பியதன் பொருளை உணராதிரான்.

இயமமும் இகாம்பாவும்

மனவொருமை எதனின்றும் தொடங்குதல் வேண்டும் என்பதற்கு நிடெம்பு மக்களின் இகாம்பாச் சடங்கு நல்லதோர் எடுத்துக்காட்டாம். விக்டர் டர்னர் என்பாரும் அவர் மனைவியார் எடித் டர்னர் அம்மையாரும் 1950 முதல் 1954 வரையுள்ள காலத்தில் அம்மக்களிடை வாழ்ந்து இதனை ஆராய்ந்தனர். விக்டர் டர்னர் 1968-இல் வெளியிட்ட ‘துன்ப முரசுகள்’ என்னும் பொருளுடைய நூலில் இதனை விரித்தார்.

இறந்த வேட்டுவன் ஒருவனது முன்பல், உறவினன் உடம்பினுட் புக்கு அவனை வருத்துகின்றது என்பது அம்மக்கள் நம்பிக்கை. முரசு முழங்க, பாட்டு எழ, மருத்துவன் நோயாளன் உடம்பிற் கொம்பு வைத்து அப்பல்லினை உறிஞ்சி எடுக்க முயல்கின்றான். ஆயின், முரசும் பாட்டும் மட்டும் அதனை வெளிப்படுத்தமாட்டா. நோயாளனோடு பகை கொண்டாரும், அவன்பாற் குறை உடையாரும், ஒருவர்பின் ஒருவராய் முன்வந்து தம் நெஞ்சத்துக் கசப்பினைக் கூட்டத்தின்முன் வாய்விட்டுக் கூறுதல் வேண்டும். நோயாளனும் தன் குறையினைக் கூறுதல் வேண்டும். மறைத்த சொல் உள்ளவரையும் பல் வெளிப்படாது. சொற்கள் வெளிப்படவே பல்லும் வெளிப்படும்.

எடித் டர்னர் அம்மையார் 1985-இல் மீண்டும் ஆண்டுச் சென்று அச்சடங்கிற் கலந்துகொண்டு, நோயாளி உடம்பினின்றும் சாம்பல் நிறமுடைய ஓர் உருவம் வெளிப்படக் கண்டதாக 1992-ஆம் ஆண்டு நூலில் எழுதினார். அக்காட்சி உண்மையோ மயக்கமோ என்பது பற்றியே பலரும் பேசலாயினர். இவ்விடத்தும் முற்கூறிய பிழையே நிகழ்ந்தது. நிடெம்பு மக்கள் முதன்மையாகக் கொண்டது ஒளித்த பகையினை வெளிப்படுத்தலாகிய ஒழுக்கம். வேற்று நாட்டார் முதன்மையாகக் கொண்டது காட்சி.

யோகநூலார் தாரணையினை ஆறாவது உறுப்பாக வைத்து, இயம நியமங்களை அடிப்படையாக இட்டது எதன்பொருட்டு? பகையும் பொய்யும் வெஃகலும் உள்ளிருப்ப ஒருங்கிய மனம், கூர்மையுற்ற கத்திபோலத் தீமைக்கே பயன்படும் என்பதனை உணர்ந்தமையானன்றோ? பதஞ்சலியார் இயமம் ஐந்தெனக் கூற, திருமூலர் அதனைப் பத்தாக விரித்து, அவற்றுள் ஒன்றாகப் பகுத்துண்டலையும் வைத்தருளினார். உணவினைப் பகிராதவன் யோகத்தின் முதற்படியினையும் ஏறியவனாகான் என்பது இதனாற் பெறப்படும். வேட்டையில் வீழ்ந்த விலங்கின் ஊனைக் குடிகளனைத்திற்கும் பகிர்தல் ஜுஹோன்சியர் நெடுங்கால வழக்கம்; நூமினைப் பகிர்தலும் அவ்வழக்கத்தின் நீட்சியே. பகுத்தளித்தல் என்னும் ஒழுக்கத்தளவில், நாயனார் விதித்த இயமத்தின் ஒரு கூறு அக்கூத்தின்கண் விளங்குகின்றது. யோகம் பயில்வோம் என்பார் பலரிடத்து அது விளங்கவில்லை. கொல்லாமையினையும் நாயனார் இயமத்துள் வைத்தாராகலின், வேட்டை வாழ்வினர் அக்கூறின்கண் வேறுபடுவர் என்பதும் மறைத்தற்பாலதன்று. ஒப்பிடுவார் இரண்டனையும் கூறுதல் நேர்மையாம்.

சித்தாந்த அளவை

அற்றேல், மனவொருமையினை அளத்தற்குச் சித்தாந்தம் கூறும் அளவை யாதெனின், சார்பே என்க. ஆன்மா தனித்து நிற்கமாட்டாது. சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. படிகம் அடுத்த நிறத்தினைக் காட்டுமாறு போல, அஃது உடம்பினைச் சார்ந்துழி உடம்பாயும், அருளைச் சார்ந்துழி அருளாயும் நிற்கும். மனவொருமை என்பது அச்சார்பினை இடையறாது நிறுத்தும் ஆற்றலே. எனவே, ஒருமை தானே நன்றும் அன்று, தீதும் அன்று. இரையினை நோக்கி நிற்கும் கொக்கின்கண்ணும் ஒருமை உண்டு, கள்வன்கண்ணும் உண்டு. அவ்வொருமையினால் அவர் யோகியராகார்.

இவ்வளவையான் நோக்குங்கால், கலகாரி மருத்துவன் மனம் பிறர் துன்பத்தினைச் சார்ந்து நிற்கின்றது. தன் உடம்பின் நோவினையும் அச்சத்தினையும் கடந்து பிறர்க்கு உதவி நிற்றலின், ஆண்டு ‘எனது’ என்னும் பற்றுத் தேய்தல் ஒருதலை. ஆயினும், இறந்தோர் ஆவியோடு வழக்காடி உடம்பினைக் காத்தல் அதன் எல்லை. மலநீக்கமும் பிறவியறுதலும் அக்கூத்தின்கண் வேண்டப்படவில்லை. வேண்டப்படாத ஒன்றனை அதன்மேல் ஏற்றி, ‘அவர் அறியாது செய்யும் சிவயோகம் இது’ எனப் புகழ்தல், அம்மக்கள் பொருளைத் தம் பொருளாக்கிக்கொள்ளும் செயலாம். வேண்டிய ஒன்றனை அவர் நன்கு பெற்றனர் என்பதனை மறைத்தலும் அதுபோன்ற குற்றமேயாம்.

‘அவ்வழிபாடு சிறுதெய்வத்தின்பாற்பட்டது, ஆகலின் அதன்கண் அருள் யாண்டையது?’ என வினவுவார் உளராயின், அவர் சிவஞானசித்தியாரை மீட்டும் கற்பாராக. எத்தெய்வத்தினை யாவர் வழிபடினும், அவ்வழிபாட்டினை ஏற்று அத்தெய்வமாய் நின்று பயனளிப்பவன் அம்மையப்பனே என்பது அருணந்தி சிவாசாரியர் தெளிவுரை. தெய்வங்கள் பிறத்தல் இறத்தல் உடையன என ஆண்டே அவர் வேறுபாடும் காட்டினர். எல்லாம் ஒன்றென்னும் மயக்கத்திற்கும், பிறவெல்லாம் பொய்யென்னும் செருக்கிற்கும் இடங்கொடாத நெறி இது.

இக்காலத்து விளைவு

இவ்வேறுபாடுகளை ஆராய்தல் வெறும் நூற்பொழுதுபோக்கன்று. ஐக்கிய நாடுகள் அவை 2014-இல் தீர்மானித்து, 2015-ஆம் ஆண்டு சூன் 21 முதல் உலக யோக நாள் கொண்டாடப்படுகின்றது. யோகம் உலகெங்கும் பரவியது மகிழத்தக்கதே. ஆயின், பரவிய இடங்களிற் பலவற்றில் இயமமும் நியமமும் கழற்றப்பட்டு, ஆதனமும் மனவொருக்கமும் மட்டும் கட்டணத்திற்குக் கற்பிக்கப்படுகின்றன. அலுவலில் மிகுதியாக உழைத்தற்கும், வாணிபத்தில் வெல்லுதற்கும், மனவொருமை ஒரு கருவியாக விற்கப்படுகின்றது.

கலகாரியினும் இதனையொத்த மாற்றம் நேர்ந்தது. காட்ஸ் 1989-இல் மீண்டும் ஆண்டுச் சென்று, பிறர் இருவரோடு சேர்ந்து 1997-இல் வெளியிட்ட நூல், நிலம் சுருங்கி, வேட்டை குன்றி, ஓரிடத்தே குடியேறி, கூலியும் மாடும் வாழ்வினுட் புக்க மக்களின் நிலையினைக் காட்டுகின்றது. கூத்தினைக் காணவரும் அயலார்க்குக் காசுக்கு ஆடிக் காட்டுதலும் அந்நிலத்தில் வழக்காயிற்று. வறுமையுற்றார் அங்ஙனம் ஆடுதல் அவர் குற்றமன்று. இராமுழுதும் ஒருவரையொருவர் தொட்டுக் காத்த கூட்டத்தினை விட்டு, ஆட்டத்தினை மட்டும் விரும்பி வருவார் பார்வையே குறையுடையது.

இவ்விரண்டும் ஒரு நோயின் இரண்டு குறிகள். மனவொருமையினை அது வளர்ந்த ஒழுக்கத்தினின்றும், அது பயன்பட வேண்டிய மக்களினின்றும், அது சார வேண்டிய பொருளினின்றும் பிரித்தெடுத்தலே அந்நோய். கியாவும் சமாதியும் ஒன்றே என முழங்குவார் எழுத்து அந்நோய்க்கு மருந்தாகாது, அதனை வளர்ப்பதாகும். பிரித்தெடுத்த இரண்டனையுமே அவர் ஒன்றெனக் காட்டுகின்றனராகலின்.

முடிபு

யோகமும் நோய்தீர் கூத்தும் கருவியளவில் ஒருபுடை ஒக்கும். நெறியளவில் வேறுபடும். முடிபளவில் ஒன்று உடற்பிணியினையும் ஒன்று பிறவிப்பிணியினையும் நோக்கியன. இவ்விரண்டனையும் ஒன்றாகக் கலத்தல் இரண்டற்கும் இழுக்கு. ஒருங்கிய மனத்தின் ஆற்றல் ஒருங்கியவனுக்கே உரிய உடைமை அன்று என்னும் ஒரு செய்தியில் மட்டும் இரண்டும் ஒருமுகமாய் நிற்கின்றன. ஜுஹோன்சியர் அதனைச் சுற்றத்தார்க்கு உரியதென்றனர். சித்தாந்தம் அதனைச் சிவனுக்கு உரியதென்று, சிவனடியார் கூட்டத்தினிடை அதனைச் செலுத்தப் பணித்தது.

ஆகலின் யோகம் பயிலும் சைவர், தம் மனம் எத்துணை நாழிகை அசையாது நின்றது என எண்ணுவதனோடு அமையாது, நின்ற மனம் எழுந்தபின் யார் துயர் தீர்க்கச் சென்றது, எவ்வடியாரை வணங்கிற்று, தன் முனைப்பினை எத்துணை ஒழித்தது எனவும் எண்ணுவாராக. கலகாரியின் இராக்கூத்து அவ்வினாவினை எழுப்புகின்றது. மெய்கண்டார் பன்னிரண்டாஞ் சூத்திரம் அதற்கு விடை கூறுகின்றது.